களிப்பும் கண்டனமும்: ஹைத்தியப் பாடகர் மன்னோ ஷார்லமான்

முன்னுரை

ஒரு கலைஞர் மறைந்தபின் அவரைப் போற்றுவது எளிது, மதிப்பிடுவது அரிது. போற்றுவோர் அவர்தம் வாழ்வை நோக்குகின்றனர். மதிப்பிடுவோரோ அவர்தம் படைப்பை நோக்கியாக வேண்டும். கரீபியக் கடலில் உள்ள ஹைத்தி நாட்டின் பாடகரும் கித்தார்க் கலைஞருமான மன்னோ ஷார்லமான், 2017 டிசம்பர் 10ஆம் நாள், அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் உள்ள மயாமி பீச் நகரில், தம் 69ஆம் வயதில் புற்றுநோயால் காலமானார். ஜோசஃப் இம்மானுவேல் ஷார்லமான் என்பது அவர் இயற்பெயர். மன்னோ என்பது மக்கள் வாயில் வழங்கிய செல்லப்பெயர்.

அவர் மறைவை ஒட்டி எழுதியோர் பலரும் அவரை ஒரு போராளி என்றே போற்றினர். சிறை, தூதரக அடைக்கலம், நாடுகடந்த வாழ்வு ஆகியவற்றை அவர்கள் வரிசைப்படுத்தினர். அஃது உண்மையே. ஆயினும், பிறந்த மண்ணைவிட்டுப் புளோரிடாவில் குடியேறிய ஹைத்திய மக்களுக்கு அவரைப் பற்றிய நினைவு இன்னொன்றும் உண்டு. மாலை வேளைகளில் ஓர் உணவகத்தில் கித்தாரும் கையுமாக அமர்ந்து, தங்களை மகிழ்வித்த மனிதர் அவர். இவ்விரு நினைவுகளும் ஒன்றோடொன்று பொருந்தாதவை போலத் தோன்றும். மக்களைக் களிப்பூட்டுவது கேளிக்கையாளர் வேலை என்றும், கண்டித்து அறிவுறுத்துவது கவிஞர் வேலை என்றும் பிரித்துப் பார்க்கும் பழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. அப்பிரிவு இவரிடத்தில் செல்லாது என்பதையும், களிப்பே இவர்தம் கண்டனத்திற்கு ஊர்தியாக அமைந்தது என்பதையும் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாடும் மொழியும்

அடிமைகளாய்க் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் கிளர்ந்தெழுந்து பிரெஞ்சுப் படையை வென்று, 1804 ஜனவரி முதல் நாள் விடுதலையை அறிவித்த நாடு ஹைத்தி. எனினும் விடுதலை பெற்ற நாட்டில் ஆட்சிமொழியாக நிலைத்தது பிரெஞ்சுதான். நாட்டினர் அனைவருக்கும் தாய்மொழியாக இருப்பது கிரியோல். அதன் சொற்களில் பெரும்பகுதி பிரெஞ்சிலிருந்து வந்தவை. இலக்கணமோ தனக்கென ஒரு தனி அமைப்பு உடையது. பிரெஞ்சு சரளமாக அறிந்தோர் சிறுபான்மையினரே. அப்படியிருந்தும் நீதிமன்றம், அலுவலகம், பள்ளி ஆகிய மூன்றும் நெடுங்காலம் பிரெஞ்சிலேயே நடந்தன. முதலாம் வகுப்பில் காலெடுத்து வைக்கும் குழந்தை, தான் அறியாத மொழியில் எழுத்தறிய வேண்டியிருந்தது. கிரியோலைப் பயிற்றுமொழியாகக் கொள்ளலாம் என்று சட்டம் இடங்கொடுத்தது 1979இல்தான். அரசியலமைப்பு அதனைப் பிரெஞ்சோடு ஒப்ப ஆட்சிமொழியாக ஏற்றது 1987இல்தான்.

மன்னோ ஷார்லமான் 1948இல் தலைநகர் போர்ட் ஓ பிரின்சில் பிறந்து, அதன் புறநகராகிய கார்ஃபூரில் வளர்ந்தவர். அவர் பாடத் தொடங்கிய காலத்தில் கிரியோல் மொழியில் பாடல்கள் இல்லாமல் இல்லை. 1955 அளவில் நெமூர் ஷான் பத்தீஸ்து உருவாக்கிய கோன்பா என்னும் நடன இசை, நாடெங்கும் கிரியோலிலேயே ஒலித்தது. ஆகவே கிரியோலில் பாடினார் என்பது மட்டுமே இவருக்குப் பெருமை ஆகாது. ஆடுவதற்கும் காதலிப்பதற்கும் உரியதென ஒதுக்கப்பட்ட மொழியில் ஆட்சியையும் அதிகாரத்தையும் ஆராய்ந்து பேசலாம் எனப் பலரும் கேட்கக் காட்டியதே பெருமை. பிரெஞ்சில் மட்டுமே நடக்கும் எனக் கருதப்பட்ட வாதம், சந்தைப் பெண்ணும் படகோட்டியும் பேசும் மொழியில் நடந்தது.

இம்முயற்சியில் அவர் தனியர் அல்லர். 1960களின் இறுதி தொட்டு, நியூயார்க் முதலிய நகரங்களில் வாழ்ந்த ஹைத்திய இளைஞர்கள், கிரியோலில் 'விடுதலைப் பண்பாடு' எனப் பொருள்படும் பெயரோடு ஓர் இயக்கத்தை வளர்த்தனர். நாடகமும் குழுப்பாடலும் அதன் கருவிகளாயின. அவ்வியக்கத்தைச் சார்ந்த 'சுதந்திரக் கலைஞர்கள்' என்னும் குழுவின் இசைத்தட்டு 1975இல் நியூயார்க்கில் வெளிவந்தது. ஷார்லமான் தம் நண்பர் மார்க்கோ ஜான்டியுடன் இணைந்து பாடிய முதல் இசைத்தட்டு 1978இல் வெளிவந்தது. அதனையும் இம்மரபின் விளைச்சலாகவே கொள்ளுதல் தகும்.

கூலிக்காரரின் கித்தார்

அவர் எடுத்துக்கொண்ட இசைவடிவம் எது என்பதை அறிந்தாலன்றி அவர்தம் கலையை மதிப்பிட இயலாது. அதன் பெயர் துவுபாடூ. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பல்லாயிரம் ஹைத்திய உழவர்கள், அண்டை நாடாகிய கியூபாவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குச் சென்றனர். வெட்டுக்காலம் முடிந்து திரும்பியவர்கள், ஈட்டிய சிறு பணத்தோடு அந்நாட்டு நாட்டுப்புறக் கித்தார் இசையையும் கொண்டுவந்தனர். கித்தார், கையால் குலுக்கும் கிலுகிலுப்பை, இரும்பு நாக்குகளை விரலால் மீட்டும் ஒரு மரப்பெட்டி ஆகியவையே அதன் கருவிகள். மின்சாரமும் மேடையும் வேண்டா. மூவர் நால்வர் கூடினால் போதும்; ஒருவரே இருப்பினும் போதும். காதலும் கேலியும் அதன் இயல்பான பொருள்கள். உண்டும் குடித்தும் இளைப்பாறும் இடங்களே அதன் அரங்குகள்.

இங்கு நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. துவுபாடூ தோற்றத்திலேயே குடிபெயர்ந்து உழைத்தவரின் இசை. பிறநாட்டில் உழைத்தவன் தன் களைப்பைப் போக்கிக்கொள்ளக் கற்றுவந்த இசை அது. எனவே ஷார்லமான் பின்னாளில் மயாமி உணவகத்தில் அமர்ந்து பாடியதைக் கண்டு, போராட்ட மேடையிலிருந்து கேளிக்கைக் கூடத்திற்கு இறங்கிவிட்டார் என வருந்துவோர், அவ்விசையின் பிறப்பை மறந்தவர் ஆவர். அவ்விசை பிறந்த இடமே அத்தகைய கூடம்தான்.

ஷார்லமானின் குரல் தாழ்ந்த, கனத்த ஆண்குரல். உச்சத்திற்கு ஏறிக் கைதட்டல் வாங்கும் குரல் அன்று. அருகில் அமர்ந்து பேசுவது போன்றது. கித்தாரும் குரலை முந்திச் செல்வதில்லை. சொல் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதே அப்பாடும் முறையின் முதல் விதி. ஹைத்திய மக்களின் அன்றாடப் பேச்சில் பழமொழிகள் நிறைந்திருப்பதை அவர்களிடையே வாழ்ந்து ஆய்ந்த பலரும் குறித்துள்ளனர். அப்பேச்சின் நடையையே பாட்டின் நடையாக்கிக்கொண்டவர் இவர். கற்றவர் கூட்டத்திற்கென ஒரு செயற்கை நடையை அவர் தேடவில்லை.

எறியும் சொல்லும் எடுக்கும் செவியும்

ஹைத்தியப் பாட்டுமரபின் உயிர்நாடி என இசை ஆய்வாளர் பலரும் சுட்டுவது புவேன் என்னும் உத்தியாகும். அச்சொல்லுக்குப் புள்ளி அல்லது முனை என்பது பொருள். ஒருவரை நேரே பெயர் சொல்லிக் குறைகூறாமல், வேறொன்றைப் பாடுவது போலப் பாடி, குறிப்பால் தைக்கச் செய்வது அது. அவர்கள் வழக்கில் புவேன் 'எறியப்படுவது'. கேட்பவர் அதனை 'எடுத்துக்கொள்வார்'. எடுத்துக்கொண்டவர் சினந்தால், 'உம்மைச் சொல்லவில்லையே' எனப் பாடியவர் விலகிவிடலாம். சினந்தவரே தம் குற்றத்தை ஒப்புக்கொண்டவர் ஆகிவிடுவார்!

தமிழ் கற்றோர்க்கு இது புதிதன்று. தொல்காப்பியர் செய்யுளியலில் அங்கதத்தை இருவகையாகப் பகுத்துக் காட்டுகின்றார். வெளிப்படையாக வைவது செம்பொருள் அங்கதம். சொல்லக் கருதியதைக் கரந்து மொழிவது பழிகரப்பு அங்கதம். புவேன் என்பது பழிகரப்பின் பாற்படும். இரு மரபுகளுக்கும் இடையே தொடர்பு இருந்ததென்பது நம் கருத்தன்று. அதிகாரம் ஓங்கிய இடத்தில் மக்கள் வாய்மொழி எவ்வாறு தன்னைக் காத்துக்கொள்கிறது என்பதை விளக்க, நம்மிடம் ஏற்கெனவே ஒரு நல்ல கலைச்சொல் இருக்கிறது என்பதே கருத்து.

ஹைத்தியில் அத்தகைய காப்பு தேவைப்பட்டது. 1957இல் ஆட்சிக்கு வந்த ஃபிரான்சுவா துவாலியேவும், 1971இல் தந்தை இறந்தபின் ஆட்சியேற்ற மகன் ஷான் குளோது துவாலியேவும், மொத்தம் 29 ஆண்டுகள் அந்நாட்டை அடக்கி ஆண்டனர். ஆயுதம் தாங்கிய அவர்தம் குண்டர்படை தெருத்தோறும் நடமாடியது. 1980 நவம்பர் 28 அன்று செய்தியாளரும் வானொலியாளரும் கூட்டமாகக் கைதுசெய்யப்பட்டனர். கிரியோலில் செய்தி சொல்லிவந்த ரேடியோ ஹைத்தி நிலையம் மூடப்பட்டது. நேராகப் பேசுவோர் வாய் அடைக்கப்பட்ட அந்நாட்டில், சுற்றிவளைத்துப் பாடும் பாட்டு மட்டுமே நடமாட முடிந்தது. அவ்வாண்டளவில் ஷார்லமானும் நாட்டைவிட்டு வெளியேறினார். 1984இல் 'உறுதி' எனப் பொருள்படும் கோன்விக்சியோன் இசைத்தட்டும், 1985இல் 'குடியேற்ற ஆட்சி முடிந்தது' எனப் பொருள்படும் பெயருடைய இசைத்தட்டும் அவர் நாடுகடந்து வாழ்ந்த காலத்தில் வெளிவந்தன. வெளிநாடுகளில் பதிவான இத்தகைய பாடல்கள் ஒலிநாடாக்களில் படியெடுக்கப்பட்டுத் தாயகத்தினுள் கைக்குக் கை சென்றன.

ஒலிநாடாவின் பயணம் ஒருவழிப் பயணம் அன்று. மானிடவியல் அறிஞர் கேரன் ரிச்மன் 2005இல் வெளியிட்ட நூலில், புளோரிடாவின் வயல்களில் உழைத்த ஹைத்தியரும் லெயோகான் வட்டாரத்துச் சிற்றூரில் இருந்த அவர்தம் உறவினரும் ஒலிநாடாவையே கடிதமாகப் பயன்படுத்தியதை விளக்கியுள்ளார். எழுத்தறியாதோர் பேசியும் பாடியும் அனுப்பிய அக்கடிதங்களில் புவேன் பாடல்களும் இருந்தன. பணம் அனுப்பாத மகனைத் தாய் நேரே கேட்கமாட்டாள். ஒரு பாட்டு பாடுவாள். மகன் புரிந்துகொள்வான். ஷார்லமானின் பாடல்களைச் செவிமடுத்த குடியேறிகள் இத்தகைய பயிற்சியுடையவர் என்பதை நாம் மறத்தல் கூடாது. குறிப்பறிந்து கேட்கும் செவிகள் முன்பே ஆயத்தமாய் இருந்தன.

கேட்ட மக்கள்

அந்த மக்கள் யார்? 1972 டிசம்பரில் 65 பேர் கொண்ட ஒரு படகு புளோரிடாவின் பொம்பானோ கடற்கரையை வந்தடைந்தது. அதன் பிறகு படகுகள் தொடர்ந்தன. ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் கடலை, ஓட்டையும் ஒட்டுமாய் இருந்த பாய்மரப் படகுகளில் அவர்கள் கடந்தனர். 1981 அக்டோபர் 26 அன்று, கரைக்கு மிக அருகே படகு கவிழ்ந்து 33 பேரின் உடல்கள் ஹில்ஸ்பரோ கடற்கரையில் ஒதுங்கின. அதற்கு முந்தைய மாதம்தான், ஹைத்தியப் படகுகளை நடுக்கடலிலேயே மறித்துத் திருப்பியனுப்ப அமெரிக்க அதிபர் ரேகன் ஆணையிட்டிருந்தார். அடுத்த 10 ஆண்டுகளில் மறிக்கப்பட்டோர் 20,000 பேருக்கும் மேல். அவர்களுள் தஞ்சம் கோரக் கரையேற விடப்பட்டோர் 30 பேருக்கும் குறைவு. 1983இல் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு நிலையம் எய்ட்ஸ் நோய்க்கு ஆளாகக்கூடிய பிரிவினர் பட்டியலில் ஹைத்தியர் என ஓர் இனத்தையே சேர்த்தது. 1985இல் அது நீக்கப்பட்டது. பழியோ எளிதில் நீங்கவில்லை.

இதன் விளைவு பள்ளிகளில் வெளிப்பட்டது. 1980களில் மயாமியில் ஆய்வுசெய்த மானிடவியலாளர் அலெக்ஸ் ஸ்டெப்பிக், ஹைத்திய மாணவர் பலர் தம் பிறப்பை மறைத்து வாழ்ந்ததைப் பதிவுசெய்துள்ளார். சக மாணவரின் ஏளனத்திற்கும் அடிக்கும் அஞ்சி, கிரியோல் தெரியாதது போல நடித்தவரும் உண்டு. ஆசிரியராகிய நாம் இச்செய்தியைப் படித்துவிட்டு எளிதில் கடந்துவிட இயலாது. தாய்மொழியை நாணத்திற்குரியதாகக் கருதும் குழந்தை அம்மொழியில் பேசும் தாயையும் நாணத்தோடு பார்க்கத் தொடங்கிவிடும்.

இத்தகைய மக்களைப் பிறர் இருவகையாகவே பேசினர். சிலர் இழிவாகப் பேசினர். சிலர் இரக்கத்தோடு பேசினர். இரண்டிலும் அவர்கள் பேசப்படுவோராகவே இருந்தனர். ஷார்லமானின் பாட்டு அவர்களை அறிவுடையோராகக் கருதி அழைத்தது. பாதியைத் தான் சொல்லி மீதியை நீங்களே நிரப்புங்கள் என்று விட்டது. நிரப்பும் ஆற்றல் அக்கூடத்தில் கிரியோல் அறிந்தோர்க்கே இருந்தது. பகலெல்லாம் ஆங்கிலம் தெரியாமையால் தலைகுனிந்து நின்ற ஒருவர், மாலையில் அப்பாட்டைக் கேட்டுச் சிரிக்கும்போது, அவர் மொழியறிவே அங்குச் சிரிக்கிறது. புரிந்துகொண்டோம் என்னும் இன்பமே இப்பாடல்கள் தந்த களிப்பின் உள்ளீடு.

மூவர் ஒப்பீடு

ஒரு கலைஞரின் தனித்தன்மையை அறிய, அவர் காலத்தவரோடு ஒப்பிடுதல் திறனாய்வு முறைகளுள் ஒன்று. குப்பே குளுவே என்னும் பெயரால் புகழ்பெற்ற ஷான் கெஸ்னர் ஆன்றி (1925–1998) லெயோகானில் பிறந்தவர். கால்பந்தாட்டக் களத்தில் கிடைத்த பட்டப்பெயரே அவர்தம் மேடைப்பெயராயிற்று. துவுபாடூ வடிவை நடன இசையோடு கலந்து பாடிய அவர், இரட்டுற மொழிதலில் வல்லவர். அவர் பாட்டில் மறைபொருள் பெரும்பாலும் காமம் சார்ந்த நகைச்சுவையாக இருக்கும். கேட்டோர் வயிறு குலுங்கச் சிரிப்பர்; அத்துடன் அப்பாட்டின் பணி நிறைவுறும். அதனைக் குறையாகச் சொல்லவேண்டியதில்லை. சிரிப்பும் மக்களுக்கு வேண்டும்.

தி மன்னோ (1953–1985) கோனாயிவ் நகரில் பிறந்து, நியூயார்க்கில் குடியேறிய ஹைத்தியரிடையே பெரும்புகழ் பெற்று, அந்நகரிலேயே இளவயதில் மறைந்தவர். கோன்பா நடனக் குழுக்களின் முன்னணிப் பாடகரான அவர், ஆட வந்த கூட்டத்தின் முன் வறுமையையும் சுரண்டலையும் குடியேறியோர் துயரையும் பாடினார். அங்கே கண்டனம் வெளிப்படையாக நின்றது. ஆட்டம் அதனைச் சுமந்தது. கேட்போர் விரும்பினால் கண்டனத்தைக் கேளாமலே ஆடிக்கொண்டும் இருக்கலாம்.

ஷார்லமானிடம் அவ்வாறு பிரித்தெடுக்க இயலாது. கண்டனத்தை நீக்கிவிட்டால் களிப்பு எஞ்சாது. ஏனெனில் கண்டனத்தைக் கண்டுபிடிப்பதே அங்குக் களிப்பு. முதலாமவர் மறைபொருளைச் சிரிப்பிற்குப் பயன்படுத்தினார். இரண்டாமவர் வெளிப்படைப் பொருளை ஆட்டத்தில் ஏற்றினார். மூன்றாமவராகிய இவர் முதலாமவரின் உத்தியை இரண்டாமவரின் நோக்கத்தோடு இணைத்தார். இவ்விணைப்பே இவர்தம் தனித்தன்மை எனலாம்.

குறைகள்

குறை காணாத திறனாய்வு வாழ்த்துரையாகவே நின்றுவிடும். ஷார்லமானின் பாடல்கள் எல்லாம் பழிகரப்பு அல்ல. செம்பொருளாகவே தாக்கும் பாடல்களும் பல. அவற்றுள் சில, கூட்டத்தில் எழுப்பும் முழக்கத்தின் தன்மையைப் பெற்றுவிடுகின்றன. எதிரி யார் என்பதைப் பாடகரே சொல்லிவிடும்போது, கேட்பவர்க்குத் தலையசைப்பதைத் தவிர வேறு வேலை இருப்பதில்லை. அத்தகைய பாடல், அது குறித்த ஆட்சி மாறியவுடன் வாடிவிடும் அபாயம் உண்டு.

இம்முடிவுக்கு மாறாக நிற்கும் சான்று ஒன்றையும் மறைத்தல் நேர்மையாகாது. உலக நிறுவனங்கள் ஏழை நாட்டிற்கு உதவுவதாகச் சொல்லிக்கொண்டு உண்மையில் யாருக்கு உதவுகின்றன என வினவும் அவர்தம் பாடல் செம்பொருள் அங்கதமே. மறைப்பு ஏதுமில்லை. ஆயினும் அது வாடவில்லை. 2010 ஜனவரி 12 அன்று நேர்ந்த நிலநடுக்கத்திற்குப் பின் உதவி நிறுவனங்கள் ஹைத்தியில் வந்து குவிந்தன. அவ்வாண்டு அக்டோபரில், ஐக்கிய நாட்டு அமைதிப்படை முகாமின் கழிவுநீரால் ஆற்றில் காலரா பரவி, பல்லாயிரம் உயிர்கள் மாய்ந்தன. பல ஆண்டுகளுக்கு முன் எழுந்த பாடல் மீண்டும் புதிதாய் ஒலித்தது. இதிலிருந்து நாம் உணர்வது யாது? மறைபொருட் பாடல் தன் உத்தியால் வாழ்கிறது. வெளிப்படைப் பாடல், தான் சாடிய தீமை நீடிக்கும்வரை வாழ்கிறது. பின்னதன் நீண்ட ஆயுள் நாட்டிற்கு நற்பேறு அன்று!

இன்னொரு குறை அவர்தம் பொதுவாழ்வைச் சார்ந்தது. 1986 பிப்ரவரி 7இல் துவாலியே ஆட்சி வீழ்ந்ததும் அவர் தாயகம் திரும்பினார். 1990 டிசம்பர்த் தேர்தலில் பாதிரியார் அரிஸ்தீது அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது அவர் பக்கம் நின்றார். 1991 செப்டம்பர் இறுதியில் இராணுவம் அவ்வாட்சியைக் கவிழ்த்தது. அடுத்த மாதமே ஷார்லமான் கைதுசெய்யப்பட்டார். விடுதலைக்குப் பின்னும் உயிருக்கு ஆபத்து நீடித்ததால், அர்ஜென்டினத் தூதரகத்தில் அடைக்கலம் புகுந்து, பின் வெளிநாடு சென்றார். 1995இல் தலைநகரின் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு 1999 வரை அப்பதவியில் இருந்தார். பாடகர் என்ற முறையில் கிடைத்த நன்மதிப்பு நிர்வாகியாகிய அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் ஆட்சி பரவலாகக் குறைகூறப்பட்டது. முன்பு தாம் ஆதரித்த அரிஸ்தீதோடும் பின்னர் அவர் முரண்பட்டார்.

இதனைக் கொண்டு அவர்தம் பாடல்களைத் தாழ்த்துவோர் உளர். அம்முடிவு சரியன்று. முள்ளாய்த் தைக்கும் சொல்லை எறிவதற்கு வேண்டிய கூர்மை வேறு. குப்பை அகற்றவும் சந்தையை ஒழுங்குபடுத்தவும் வேண்டிய பொறுமை வேறு. முன்னது இருந்தால் பின்னதும் இருக்கும் என மக்கள் நம்பியது அவர்தம் பாட்டின் வலிமையைக் காட்டுகிறது. அந்நம்பிக்கை பொய்த்தது பாட்டின் பிழை ஆகாது. ஆயினும், குற்றம் கண்டு பாடியவரே குற்றம் காணப்படும் இடத்தில் அமர்ந்ததால், அவர் எறிந்த சொற்களுள் சில அவரையே வந்து தைத்தன என்பதும் மறுக்கவொண்ணாதது.

உணவகத்தில் ஒரு கித்தார்

மயாமி பீச் நகரில் டாப் டாப் என்னும் பெயருடைய ஹைத்திய உணவகம் ஒன்று 1990களில் தோன்றியது. ஹைத்தித் தெருக்களில் பல வண்ண ஓவியங்களோடு ஓடும் பயணிகள் வண்டிக்கு வழங்கும் பெயர் அது. உணவகத்தின் சுவர்களிலும் ஹைத்திய ஓவியங்கள் நிறைந்திருந்தன. அவ்விடத்தில்தான் ஷார்லமான் நெடுங்காலம் பாடிவந்தார். உண்ண வந்தோரில் ஹைத்தியரும் இருந்தனர். அமெரிக்கரும் சுற்றுலாப் பயணிகளும் இருந்தனர்.

ஒரே கூடத்தில், ஒரே பாட்டுக்கு இருவகைச் சுவைஞர் வாய்த்த நிலை இது. கிரியோல் அறியாதவர் ஒரு கனிந்த குரலையும் இனிய கித்தாரையும் கேட்டார். அவர்க்கு அது தீவுநாட்டு மாலைப்பொழுது. கிரியோல் அறிந்தவர், அதே குரலில் தம் நாட்டு வரலாற்றின் மேல் எறியப்பட்ட சொற்களைக் கேட்டார். பரிமாறுபவரும் பாத்திரம் கழுவுபவரும் ஹைத்தியராயின், கூடத்தில் அமர்ந்து உண்பவரினும் அவரே நன்கு அறிந்த சுவைஞர் ஆவர். வெளியே எந்த வரிசையில் நிற்க வைக்கப்பட்டவராயினும், அப்பாட்டு நிகழும் நேரத்தில் அவரே முன்வரிசையில் இருந்தார். குடியேறிய ஒரு சமுதாயத்திற்குப் பாடகர் ஒருவர் அளிக்கக்கூடிய பெருமை இதனினும் மிக்கது இல்லை.

கடலுக்கு இப்பால், மயாமி நகரின் வடபகுதியில் உள்ள குட்டி ஹைத்தி என்னும் வட்டாரம் அம்மக்களின் உறைவிடமாயிற்று. அங்கே தேவாலயத்தில் கிரியோலில் வழிபாடு நடந்தது. போர்ட் ஓ பிரின்சின் இரும்புச் சந்தையை நினைவூட்டும் வடிவில் ஒரு சந்தைக் கட்டடமும் எழுந்தது. கோயிலும் சந்தையும் ஒரு மக்களுக்கு இருப்பிடம் தருகின்றன. பாட்டு அம்மக்களின் மொழிக்கு இருப்பிடம் தருகிறது. ஷார்லமான் அப்பணியைச் செய்தார். ஆனால் அதனைப் பணி என்று சொல்லிச் செய்யவில்லை. மாலைதோறும் கித்தாரை எடுத்துச் சுருதி சேர்த்துப் பாடினார்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்து நோக்கின் மூன்று செய்திகள் தெளிவாகும். முதலாவது, ஷார்லமான் எடுத்துக்கொண்ட துவுபாடூ வடிவம் கூலிவேலைக்குக் கடல்கடந்த மக்கள் கொண்டுவந்த களிப்பிசை. அவ்வடிவை அவர் கைவிடாமலே அதில் கண்டனத்தை நிரப்பினார். இரண்டாவது, அக்கண்டனத்தின் சிறந்த பகுதி பழிகரப்பாய் அமைந்தது. அதனால் அது கேட்பவரின் அறிவை வேண்டி நின்றது. வேண்டியதனாலேயே அவரைப் பெருமைப்படுத்தியது. மூன்றாவது, குடியேறிய நாட்டில் இழிவும் இரக்கமும் மட்டுமே கண்ட மக்களுக்கு, தம் மொழியால் மட்டுமே துய்க்கத்தக்க இன்பம் ஒன்று உண்டு என அவர் உணர்த்தினார்.

இலக்கியம் கற்பிக்கும் நாம், மாணவர்க்கு ஒரு பாட்டை அறிமுகப்படுத்தும்போது, இது கேளிக்கை, இது கருத்துள்ளது என முதலிலேயே முத்திரை குத்திவிடுகின்றோம். அவ்வாறு குத்திய முத்திரை பல நல்ல பாடல்களை வகுப்பறைக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. இப்பாட்டைக் கேட்டு மகிழ எவ்வளவு மொழியறிவு தேவை என்று வினவுவதே தக்க அளவுகோல். மேலோட்டமாகக் கேட்போர்க்கும் இனித்து, மொழியை ஆழ அறிந்தோர்க்கு மேலும் இனிக்கும் பாட்டு, அது பாடப்பட்ட இடம் உணவகமாயினும், இலக்கியமே. அவ்வளவுகோலால் அளக்கும்போது, மக்களைக் களிப்பூட்டியவர் என்னும் பெயர் மன்னோ ஷார்லமானுக்குப் போராளி என்னும் பெயரினும் சற்றும் குறைந்ததன்று என்பதே இக்கட்டுரையின் துணிபு.